ஆறாத தசையை ஆற்ற வருமா புதிய மருந்து?

பால்மரத்தின் பட்டையில் நாள்தோறும் கத்தி வைக்கும் நம் தொழிலாளர்களுக்குக் காயம் ஆறும் விதத்தைப் பற்றி முன்னுரை தேவையில்லை. அளவோடு சீவிய இடத்தில் சில ஆண்டுகளில் புதுப்பட்டை வழவழப்பாக வளர்ந்து மூடிக்கொள்கிறது. கத்தி சற்று ஆழமாக இறங்கி உள்மரத்தைத் தொட்டுவிட்டாலோ, அவ்விடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாகத் திரண்டு, பின்னாளில் வெட்டுவதற்கே உதவாமற் போகிறது. மரத்துக்குரிய இந்த நியதி மனித உடலுக்கும் பெரும்பாலும் பொருந்தும். மேலோட்டமான கீறல் தடமின்றி மறைகிறது. ஆழமான வெட்டும் அறுந்த தசையும் பிசகிய மூட்டும் ஆறினாலும், முற்றிலும் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை.

காண்டாக் கம்பில் பால் வாளிகளைச் சுமந்து பழகிய தோளும், தாழ்ந்த வெட்டுக்குக் குனிந்து நிமிர்ந்த இடுப்பும், மேட்டிலும் பள்ளத்திலும் நிரை நிரையாக நடந்த முழங்காலும் ஒரு வயதுக்குப் பின் வலியைத் தருகின்றன. மாதக்கணக்கில் விலகாத அந்த வலியோடு வேலைக்குச் செல்கிறவர்கள் நம்மில் பலர். இந்நிலையில், “அறுந்த நரம்பும் ஒட்டும், தேய்ந்த மூட்டும் தேறும்” என்று கூறி, ‘பெப்டைடு’ என்னும் பெயரில் சிறு குப்பிகள் விற்கப்படுகின்றன. கைத்தொலைபேசியில் விளம்பரங்கள் வருகின்றன. உடற்பயிற்சிக் கூடத்துக்குச் செல்லும் இளைஞர்கள் அவற்றைப் பற்றிப் பேசிக்கொள்கின்றனர்.

இப்பொருள்கள் யாவை? இவற்றைப் பற்றி அறிவியல் உண்மையில் என்ன கண்டறிந்துள்ளது? உழைத்துச் சேர்த்த பணத்தை இவற்றுக்காகச் செலவிடலாமா? இக்கேள்விகளுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மென்திசு என்பது யாது?

நம் உடலில் எலும்பும் பல்லும் கடினமானவை. அவற்றைச் சூழ்ந்தும் இணைத்தும் நிற்கும் மற்றவற்றை மென்திசு என்கிறோம். தோல், தசை, தசையை எலும்போடு கட்டும் தசைநாண், எலும்பை எலும்போடு கட்டும் இணைப்புநார் ஆகியவை இதில் அடங்கும். பேச்சு வழக்கில் இவை அனைத்தையும் ‘நரம்பு’ என்று சொல்லிவிடுகிறோம். ‘நரம்பு பிசகிவிட்டது’ என்று நாம் கூறும்போது, பெரும்பாலும் பிசகியிருப்பது தசைநாணோ இணைப்புநாரோ ஆகும். குதிகாலுக்கு மேலே விரல்களால் பற்றக்கூடிய கயிறு போன்ற பகுதி தசைநாணுக்கு நல்ல எடுத்துக்காட்டு.

கயிறு என்னும் சொல் இங்கே வெறும் உவமை அன்று. தசைநாணுக்கும் தோலுக்கும் வலிமை தருவது கொலாஜென் எனப்படும் புரதமாகும். மூன்று சரடுகள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்ட வடிவமே கொலாஜெனின் அமைப்பு என்று 1950களின் நடுப்பகுதியில் உலகுக்கு எடுத்துக்கூறியவர்கள், சென்னைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜி. என். இராமச்சந்திரனும் அவருடைய உடனாய்வாளர் கோபிநாத் கர்த்தாவும் ஆவர். கயிறு திரிப்பவர் தனித்தனிப் புரிகளை முறுக்கி வலிமை சேர்ப்பதைப் போலவே உடலும் தன் நார்களை முறுக்கி வலிமை சேர்க்கிறது.

உடல் தன்னைத் தானே பழுதுபார்க்கும் முறை

காயம் பட்ட நொடியிலேயே உடல் தன் வேலையைத் தொடங்கிவிடுகிறது. அவ்வேலை நான்கு படிகளில் நடைபெறுகிறது.

முதற்படி இரத்தத்தை நிறுத்துவது. இரத்தத்தில் மிதக்கும் நுண்ணிய தட்டுகள் வெட்டு வாயில் திரண்டு அடைப்பாகின்றன. வெட்டிய கோட்டில் பால் உறைந்து வடிவது நிற்பதை நாம் நாள்தோறும் காண்கிறோம். இதுவும் ஏறத்தாழ அத்தகையதே.

இரண்டாம் படி அழற்சி. காயத்தைச் சுற்றிச் சிவந்து, வீங்கி, சூடேறி, வலிக்கிறது. இது தீங்கு அன்று. வெள்ளை அணுக்கள் அங்கே விரைந்து சென்று கிருமிகளை அழித்து, இறந்த திசுவை அகற்றித் துப்புரவு செய்கின்றன. சில நாட்களில் தணிய வேண்டிய இந்த அழற்சி வாரக்கணக்கில் நீடித்தாலோ, சீழ் கட்டினாலோ அது தீய அறிகுறி ஆகும்.

மூன்றாம் படி புதிய திசு வளர்வது. நார் நெய்யும் உயிரணுக்கள் வந்து கொலாஜென் இழைகளை நெய்கின்றன. அவற்றுக்கு உணவும் காற்றும் கொண்டுவர, புதிய நுண்ணிய இரத்தக் குழாய்கள் முளைக்கின்றன. ஆறும் புண்ணின் அடியில் காணப்படும் சிவந்த மணிமணியான சதை இதுவே.

நான்காம் படி சீரமைப்பு. அவசரத்தில் நெய்த இழைகளை உடல் மெல்லப் பிரித்து, இழுவிசை எத்திசையில் வருகிறதோ அத்திசைக்கேற்ப மீண்டும் அடுக்குகிறது. இப்படி முடிய மாதங்கள் ஆகும். ஓர் ஆண்டும் கடக்கலாம். தோலில் ஏற்பட்ட காயத்தின் தழும்பு மூன்று வாரத்தில் பழைய வலிமையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கையே பெறுகிறது. முற்றிலும் ஆறிய பிறகும் அதன் வலிமை ஐந்தில் நான்கு பங்கு அளவிலேயே நின்றுவிடுகிறது.

தோலுக்கே இந்நிலை என்றால் தசைநாணின் நிலை இன்னும் கடினமானது. தசைநாணுக்கு இரத்த ஓட்டம் குறைவு, உயிரணுக்களும் குறைவு. நீர் பாயாத மேட்டு நிலத்தில் கன்று மெல்ல வளர்வதைப் போல, தசைநாணும் மெல்லவே ஆறுகிறது. இந்தத் தாமதத்தைக் குறைக்க வழி உண்டா என்னும் தேடலிலிருந்தே பெப்டைடு ஆய்வுகள் எழுந்தன.

பெப்டைடு என்றால் என்ன?

பருப்பும் மீனும் முட்டையும் உண்ணும்போது நமக்குக் கிடைப்பது புரதம். புரதம் என்பது அமினோ அமிலம் எனப்படும் சிறு மணிகளைக் கோத்த நீண்ட மாலை. அந்த மாலை குறுகியதாக, ஒருசில மணிகளிலிருந்து சில பத்து மணிகள் வரை மட்டும் கொண்டதாக இருந்தால் அதனைப் பெப்டைடு என்பர். மணிகள் எந்த வரிசையில் கோக்கப்பட்டுள்ளன என்பதைப் பொறுத்து அதன் வேலை அமைகிறது. உடலின் ஒரு பகுதி மற்றொரு பகுதிக்கு அனுப்பும் கட்டளைகளில் பல, பெப்டைடு வடிவிலேயே செல்கின்றன.

பெயர் புதிதாகத் தோன்றினாலும் பொருள் நமக்குப் பழக்கமானதே. நீரிழிவு நோயாளர்கள் குத்திக்கொள்ளும் இன்சுலின் 51 அமினோ அமிலங்களைக் கொண்ட பெப்டைடு ஆகும். மகப்பேற்றுக்குப் பின் இரத்தப்போக்கைத் தடுக்கத் தாய்மார்களுக்குப் போடப்படும் ஆக்சிடோசின் 9 அமினோ அமிலங்களைக் கொண்ட பெப்டைடு. இதனை 1953 ஆம் ஆண்டில் ஆய்வுக்கூடத்தில் செயற்கையாக ஆக்கிய அமெரிக்க வேதியியலாளர் வின்சென்ட் டு விக்னோ 1955 இல் நோபெல் பரிசு பெற்றார். பின்னர் 1963 இல் புரூஸ் மெரிஃபீல்டு என்பவர் அமினோ அமிலங்களை ஒன்றன்பின் ஒன்றாக எளிதில் கோக்கும் முறையைக் கண்டார். அதன் பிறகு, வேண்டிய பெப்டைடை வேண்டிய வரிசையில் செய்வது இயலக்கூடியதாயிற்று.

ஆகவே பெப்டைடு என்னும் சொல்லே நன்மையையும் குறிப்பதில்லை, தீமையையும் குறிப்பதில்லை. உயிர் காக்கும் மருந்தும் அதில் உண்டு. எவரும் இன்னும் முழுமையாக ஆராயாத பொருளும் அதில் உண்டு. எந்தப் பெப்டைடு, எந்த நோய்க்கு, எவ்வளவு சோதிக்கப்பட்டது என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

ஆய்வில் உள்ள மூன்று பொருள்கள்

மென்திசுவை ஆற்றும் என்று பேசப்படுபவற்றுள் மூன்றினை இங்கே காண்போம்.

முதலாவது, பி.பி.சி. 157 என்பது. குரோவாசியா நாட்டின் சாக்ரெப் பல்கலைக்கழகத்தில் பிரெட்ராக் சிகிரிச் என்பவரின் தலைமையிலான குழு 1990களின் தொடக்கத்திலிருந்து இதனை ஆராய்ந்து வந்துள்ளது. மனிதரின் இரைப்பை நீரில் உள்ள ஒரு புரதத்தின் சிறு பகுதி என்று அக்குழுவினர் இதனை அறிவித்தனர். இது 15 அமினோ அமிலங்களைக் கொண்டது. எலிகளின் குதிகால் தசைநாணை அறுத்து, அதன் பின் இப்பொருளைச் செலுத்திப் பார்த்தபோது, மருந்து பெறாத எலிகளைக் காட்டிலும் அவை விரைவாகத் தேறின. தசையிலும் முழங்கால் இணைப்புநாரிலும் இத்தகைய முடிவுகளே எலிகளிடம் கிடைத்தன. தைவான் ஆய்வாளர்கள் 2011 இல் எலியின் தசைநாண் துண்டுகளை ஆய்வுக்கூடத்தில் வளர்த்துப் பார்த்தபோது, இப்பொருள் அத்துண்டுகளிலிருந்து உயிரணுக்கள் வெளிவந்து பரவுவதை ஊக்குவித்தது. புதிய இரத்தக் குழாய்கள் முளைக்கவும் இது துணை செய்வதாகக் கூறப்படுகிறது.

இம்முடிவுகள் நம்பிக்கை ஊட்டுபவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் மனிதரிடம் நடந்த சோதனைகளைத் தேடினால் கிடைப்பது மிகச் சொற்பம். 2015 இல் உடல்நலம் உள்ள தன்னார்வலர்களிடம் முதற்கட்டச் சோதனை ஒன்று பதிவு செய்யப்பட்டது. அதன் முடிவுகள் வெளியிடப்படவில்லை. முழங்கால் வலிக்கு இவ்வூசி பெற்ற ஒருசிலரைப் பிற்பாடு விசாரித்து எழுதிய அறிக்கை ஒன்று 2021 இல் வந்தது. அவர்களில் பெரும்பாலோர் வலி குறைந்ததாகக் கூறினர். ஆனால் ஊசி பெறாதவர்களோடு அவர்களை ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. மேலும், எலி ஆய்வுகளில் மிகப் பெரும்பகுதி ஒரே குழுவிடமிருந்து வந்தவை. ஒருவர் கண்டதைத் தொடர்பில்லாத மற்றொருவரும் கண்டால்தான் அறிவியல் அதனை உறுதியாக ஏற்கும்.

இரண்டாவது, தைமோசின் பீட்டா 4. இது 43 அமினோ அமிலங்களைக் கொண்டது. நம் உடலின் உயிரணுக்கள் பலவற்றில் இயற்கையாகவே உள்ளது. அமெரிக்க ஆய்வாளர் ஆலன் கோல்ட்ஸ்டீன் குழுவினர் கன்றுக்குட்டியின் தைமஸ் சுரப்பியிலிருந்து இதனைப் பிரித்தெடுத்தனர். உயிரணுக்கள் இடம் பெயர்ந்து காயத்தை மூடுவதற்கு இது உதவுகிறது. கால் நரம்பு புடைத்தவர்களுக்கு வரும் ஆறாப் புண்ணில், இதனைக் களிம்பாகப் பூசிப் பார்க்கும் சோதனை இத்தாலியிலும் போலந்திலும் 72 நோயாளர்களிடம் நடைபெற்றது. களிம்பு பெரும் தீங்கு எதனையும் விளைவிக்கவில்லை. ஓர் அளவில் பூசியபோது சற்று விரைவாக ஆறுவதாகத் தோன்றியது. ஆயினும் மருந்தாக ஏற்கும் அளவுக்கு அம்முடிவு உறுதியானதாக அமையவில்லை. டி.பி. 500 என்னும் பெயரில் சந்தையில் விற்கப்படுவது இதன் ஒரு சிறு துண்டேயாகும். முழுப் பொருளில் செய்த சோதனையின் பெயரைச் சொல்லித் துண்டை விற்பது நேர்மையன்று.

மூன்றாவது, ஜி.எச்.கே. எனப்படும் மூன்றே மணிகள் கொண்ட மிகச் சிறு பெப்டைடு. இதனை 1973 இல் லோரன் பிக்கார்ட் என்பவர் மனித இரத்த நீரில் கண்டறிந்தார். செம்போடு சேர்த்து இது முகப்பூச்சுகளில் பயன்படுகிறது. மேல்தோலில் பூசும் அழகுப் பொருளாக இருப்பது வேறு. தோளுக்குள் ஆழத்தில் கிழிந்த தசைநாணை ஆற்றுவது வேறு. இரண்டையும் ஒன்றாக எண்ணுதல் ஆகாது.

எலி தேறியது, மனிதர் தேறுவாரா?

‘எலியிடம் பலித்தது மனிதரிடம் பலிக்காதா?’ என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. இதற்கு விடை நம் தோட்டத்திலேயே இருக்கிறது.

புதிய ரப்பர் ஒட்டுரகம் ஒன்று நாற்றங்காலில் செழித்து வளர்ந்தது என்பதற்காக அதை மறுநாளே தோட்டம் முழுதும் நடுவதில்லை. ரப்பர் ஆய்வுக் கழகம் அதை முதலில் சிறு நிலத்தில் நட்டுப் பார்க்கும். பின்னர் பெரிய நிலத்தில், பல மாநிலங்களின் மண்ணிலும் மழையிலும், பழைய ரகங்களின் பக்கத்திலேயே நட்டுப் பார்க்கும். பால் அளவு, காற்றைத் தாங்கும் வலிமை, இலை நோய், புதுப்பட்டை வளரும் விதம் எனப் பல ஆண்டுகள் கணக்கெடுத்த பின்னரே பரிந்துரைக்கும். ஆர்.ஆர்.ஐ.எம். 600 போன்ற ரகங்கள் இவ்வாறு தேர்வு பெற்றவை. நாற்றில் நன்றாயிருந்து, மரமான பின் காற்றில் முறிந்த ரகங்களும் உண்டு என்பதை மூத்த தொழிலாளர்கள் அறிவர்.

மருந்துக்கும் இதுவே வழி. விலங்குகளிடம் சோதித்த பின், முதற்கட்டத்தில் ஒருசில பத்து மனிதரிடம் கொடுத்து அது தீங்கற்றதா என்று பார்ப்பர். இரண்டாம் கட்டத்தில் நோயாளர் சிலரிடம் பலனையும் தக்க அளவையும் பார்ப்பர். மூன்றாம் கட்டத்தில் நூற்றுக்கணக்கான அல்லது ஆயிரக்கணக்கான நோயாளரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு உண்மை மருந்தும் மறு பிரிவுக்கு அதைப் போலவே தோன்றும் வெறும் பொருளும் கொடுத்து ஒப்பிடுவர். யாருக்கு எது கிடைத்தது என்பதை நோயாளரும் அறியார். கொடுக்கும் மருத்துவரும் அறியார்.

இத்தனை முயற்சி எதற்கு? தோள்வலி உள்ள பத்துப் பேரை எடுத்துக்கொள்வோம். எந்த மருந்தும் இன்றியே மூன்று மாதத்தில் அவர்களுள் ஏழு பேர் தேறிவிடுகின்றனர் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பத்துப் பேருக்கும் ஊசி போட்டிருந்தால், ‘பத்தில் ஏழு பேரை எங்கள் ஊசி ஆற்றியது’ என்று விற்பவர் பறைசாற்றுவார். ஆற்றியது காலமா, ஊசியா? ஒப்பிட்டுப் பார்க்காமல் இதனை எவராலும் சொல்ல இயலாது. ‘எனக்குச் சரியாயிற்று’ என்று ஒருவர் உண்மையாகவே சொன்னாலும், அது சான்று ஆகாமைக்குக் காரணம் இதுவே.

மற்றொன்றையும் நினைவிற்கொள்ள வேண்டும். சோதனைக்கு எடுக்கும் எலி இளமையானது, நோயற்றது. அதன் தசைநாணை ஆய்வாளர் கூரிய கத்தியால் ஒரே வெட்டாக அறுக்கிறார். நம் தொழிலாளரின் தோள் அத்தகையது அன்று. இருபது ஆண்டுச் சுமையால் இழை இழையாகத் தேய்ந்த தோள் அது. அவருக்கு நீரிழிவும் இருக்கலாம்; புகைக்கும் பழக்கமும் இருக்கலாம். இளங்கன்றின் கீறலும் முதுமரத்தின் தேய்வும் ஒன்றாகா.

ஆபத்து எங்கே உள்ளது?

‘பலிக்காவிட்டால் பணம்தானே போகும்’ என்று எண்ணுவதும் தவறு. மூன்று ஆபத்துகள் உள்ளன.

முதலாவது தூய்மை. இதற்கு இன்சுலின் வரலாறே பாடமாகும். கனடாவின் டொரோண்டோ நகரில் பேண்டிங், பெஸ்ட் ஆகியோர் 1921 இல் நாய்களிடம் சோதித்து வெற்றி கண்டனர். 1922 ஜனவரியில் லியோனார்ட் தாம்சன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு முதல் ஊசி போடப்பட்டது. மருந்தில் அழுக்குப் பொருள்கள் கலந்திருந்ததால் எதிர்பார்த்த பலன் கிட்டவில்லை. ஊசி குத்திய இடத்தில் கட்டியும் எழுந்தது. காலிப் என்னும் வேதியியலாளர் அதனைத் தூய்மைப்படுத்திய பின், சில நாள் கழித்துப் போட்ட ஊசியே சிறுவனைப் பிழைக்கவைத்தது. பொருள் ஒன்றே; தூய்மையே வேறுபாடு. இன்று குப்பிகளில் விற்கப்படும் பெப்டைடுத் தூளின் மீது ‘ஆய்வுக்கு மட்டும், மனிதர் பயன்பாட்டுக்கு அன்று’ என்று அச்சிடப்பட்டிருப்பது வழக்கம். உள்ளே இருப்பது என்ன, எவ்வளவு, கிருமியற்றதா என்பதற்கு எவரும் பொறுப்பேற்பதில்லை. அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம் 2023 இல் பி.பி.சி. 157 ஐப் பாதுகாப்பு ஐயம் உள்ள பொருள்களின் பிரிவில் சேர்த்தபோது காட்டிய காரணங்களுள், கலப்புப் பொருள்களும் உடலின் எதிர்ப்பு விளைவும் போதிய தகவலின்மையும் அடங்கும்.

இரண்டாவது வளர்ச்சி. புதிய இரத்தக் குழாய்களை முளைக்கவைப்பது காயத்துக்கு நன்மை. ஆனால் புற்றுக்கட்டியும் அத்தகைய குழாய்களைக் கொண்டே உணவு பெற்று வளர்கிறது. இப்பெப்டைடுகள் மனிதரிடம் புற்றை வளர்த்தன என்பதற்குச் சான்று இல்லை. வளர்க்கமாட்டா என்பதற்கும் சான்று இல்லை. நீரிழிவுக் கால்புண்ணுக்காக அமெரிக்காவில் 1997 இல் முறையாக அனுமதி பெற்ற பெக்காப்ளர்மின் என்னும் வளர்ச்சிப் புரதக் களிம்புக்குக்கூட, 2008 இல் புற்றுநோய் பற்றிய கடும் எச்சரிக்கை சேர்க்கப்பட்டது. மேலும் ஆராய்ந்த பின் 2018 இல் அது நீக்கப்பட்டது. அனுமதி பெற்ற மருந்தை இப்படி ஆண்டுக்கணக்கில் கண்காணிக்க ஆள் உண்டு. குப்பித் தூளைக் கண்காணிப்பார் இல்லை.

பால் பெருக்கும் மருந்தை மரத்தில் அளவின்றிப் பூசினால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியும். முதலில் மங்கு நிறைகிறது. பின்னர்ப் பட்டை வறண்டு மரம் ஓய்ந்துவிடுகிறது. ஊக்கத்தின் விலை பிற்பாடே தெரியவரும்.

மூன்றாவது ஊசி. முறையறியாமல் தானே குத்திக்கொள்வதாலும், ஒருவர் குத்திய ஊசியை மற்றொருவர் பயன்படுத்துவதாலும் சீழ்க்கட்டியும், மஞ்சள் காமாலையை உண்டாக்கும் கல்லீரல் அழற்சியும், எச்.ஐ.வி. தொற்றும் வரக்கூடும்.

விளையாட்டில் ஈடுபடும் இளைஞர்களுக்கு ஒரு சொல்: பி.பி.சி. 157 ஐ உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை 2022 முதல் பெயர் குறிப்பிட்டுத் தடை செய்துள்ளது. தைமோசின் பீட்டா 4 உம் டி.பி. 500 உம் அதன் தடைப்பட்டியலில் உள்ளன.

பதிவு எண்ணைப் பாருங்கள்

மலேசியாவில் மருந்துகளைப் பதிவு செய்யும் அதிகாரம் 1984 ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி மருந்துக் கட்டுப்பாட்டு ஆணையத்துக்கு உரியது. பதிவு பெற்ற மருந்தின் உறையில் ‘எம்.ஏ.எல்.’ என்னும் எழுத்துகளோடு தொடங்கும் பதிவு எண்ணும், சுகாதார அமைச்சின் ஒளிரும் பாதுகாப்பு ஒட்டும் இருக்கும். இவை இல்லாத குப்பியை எவர் விற்றாலும், எத்தனை இனிமையாகப் பேசினாலும், வாங்க வேண்டாம். ஐயம் எழுந்தால் அரசாங்கச் சுகாதார நிலையத்தின் மருந்தாளரிடம் காட்டிக் கேளுங்கள். கேட்பதற்குக் கட்டணம் இல்லை. ஏற்கனவே இத்தகைய ஊசியைப் போட்டுக்கொண்டவர் அஞ்சி மறைக்க வேண்டியதில்லை. மருத்துவரிடம் உள்ளதை உள்ளபடி கூறுவதே நலம்.

இன்று நம் கையில் உள்ளவை

புதிய மருந்து வரும்வரை நோயாளர் வெறுங்கையோடு நிற்கவில்லை. காயத்தையும் பிசகையும் ஆற்றும் உறுதியான வழிகள் இன்றே உள்ளன.

கத்தி வெட்டினால் தூய துணியால் அழுத்திப் பிடித்து இரத்தத்தை நிறுத்துங்கள். பிறகு ஓடும் தூய நீரில் நன்கு கழுவுங்கள். காப்பித்தூள், புகையிலை முதலியவற்றை வைத்துக் கட்டாதீர்கள். அவை இரண்டாம் படியின் துப்புரவு வேலைக்குத் தடையாகிக் கிருமியைச் சேர்க்கின்றன. மண் பட்ட ஆழமான வெட்டுக்கு நரம்பிசிவுத் தடுப்பூசி தேவைப்படும். ஆகவே அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள்.

தோளோ முழங்காலோ பிசகினால் முதல் சில நாள் அதற்கு ஓய்வு கொடுங்கள். அதன் பின் முற்றிலும் அசையாமல் வைத்திருப்பதும் தவறு. நான்காம் படியில் இழைகள் தம் திசையை அறிந்து அடுக்கப்படுவதற்கு மெல்ல மெல்ல ஏறும் பயிற்சி தேவை. இதனை முறையாகக் கற்பிப்பவர் இயன்முறை மருத்துவர். தசைநாண் வலிக்கு இன்றுள்ள வழிகளுள் நன்கு சோதிக்கப்பட்டது இந்தப் பயிற்சியே.

புரதம் இன்றிப் புதுத்திசு இல்லை. பருப்பு, முட்டை, மீன், நெத்திலி ஆகியவை விலையுயர்ந்த குப்பிகளைக் காட்டிலும் காயத்துக்கு நெருங்கிய நண்பர்கள். கொலாஜென் இழையை உறுதியாக முறுக்குவதற்கு வைட்டமின் ‘சி’ இன்றியமையாதது. பதினெட்டாம் நூற்றாண்டில் நெடுங்கடலில் சென்ற மாலுமிகளுக்குக் காய்கனி கிட்டாமற்போனபோது, பல ஆண்டுகளுக்கு முன் ஆறிய தழும்புகளும் மீண்டும் பிளந்தன. நம் வீட்டுப் பின்புறத்துக் கொய்யாவிலும் பப்பாளியிலும் அந்தச் சத்து நிறைய உண்டு.

நீரிழிவைக் கட்டுக்குள் வைத்திருங்கள். இரத்தத்தில் சர்க்கரை மிகுந்தால் புண் ஆறுவது தடைப்படும். காலையே இழக்க நேரலாம். புகைத்தல் நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சுருக்குவதால், ஆறும் புண்ணுக்கு வரவேண்டிய காற்றும் உணவும் குறைந்துபோகின்றன.

வேலையில் ஏற்பட்ட காயத்தை மறைக்காதீர்கள். அன்றைய கூலி போய்விடும் என்று எண்ணி வலியைப் பொறுத்துக்கொண்டு சுமப்பவர், ஒரு வாரத்தில் ஆற வேண்டியதை ஆறு மாதத் துன்பமாக்கிக்கொள்கிறார். 1969 ஆம் ஆண்டுத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வேலையிடத்து விபத்துக்குச் சிகிச்சையும் ஈட்டுத்தொகையும் வழங்குகிறது. சொக்சோ நிறுவனத்தின் வழியாக உடல் மறுவாழ்வுப் பயிற்சியும் பெறலாம். விபத்தை உடனே அறிவித்துப் பதிவு செய்தவருக்கே இவ்வுரிமை எளிதாகக் கிட்டும்.

நம்பிக்கையும் பொறுமையும்

இவ்வாறு கூறுவதால் பெப்டைடு ஆய்வுகளைப் பழிப்பதாகக் கொள்ளலாகாது. நாயிடம் தொடங்கிய இன்சுலின் கோடிக்கணக்கானோரின் உயிரைக் காத்தது. எலியிடம் தொடங்கிய இவ்வாய்வும் ஒரு நாள் அறுந்த தசைநாணுக்கு நல்ல மருந்தைத் தரக்கூடும். அந்நாளில் அது தக்க சோதனையும் பதிவு எண்ணும் பெற்று, மருத்துவரின் கையிலிருந்து நமக்கு வந்து சேரும். அதுவரை நம் உடலை மற்றொருவரின் சோதனை நிலமாக ஆக்கிக்கொள்ள வேண்டியதில்லை.

புதுப்பட்டை முற்றும்வரை அந்தப் பக்கத்தில் கத்தி வைக்காமல் காத்திருக்கத் தெரிந்தவர்கள் நாம். மரத்துக்குக் காட்டும் அந்தப் பொறுமையை நம் சொந்தத் தோளுக்கும் காலுக்கும் காட்டுவோமாக.